சுக்குக் கிடங்கில் சாகாத ஒயர்லெஸ்காரன்

சண்டைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்த முதல் நாளே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். பள்ளுருத்தி பஸ் என் கண் முன்னால் வந்து நின்று, கண்டக்டர் கூவி, ஆள் ஏற்றிப் போயே போய்விட்டது. நான் நிறுத்தத்தில் உட்கார்ந்து, இடுப்பளவு பனியில் ஒருத்தன் தன் ஈரக் காலுறையைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிவைத்துக் காயப்போடுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் தோளைத் தட்டியிராவிட்டால் மூன்றாவது பஸ்ஸும் போயிருக்கும்.

அந்தப் புத்தகத்தை நான் கேட்டு வாங்கவில்லை. வாசகசாலையில் துப்பறியும் கதை கேட்டேன். எல்லாம் வெளியே போயிருந்தன. புத்தகம் எடுத்துக் கொடுக்கும் சேட்டன், வேண்டுமானால் இதைக் கொண்டு போ என்று அட்டை கிழிந்த ஒன்றை நீட்டினார். மலைமேல் நடந்த சண்டைக்குப் போய்த் திரும்பிய ஒரு சிப்பாய் தன் கையால் எழுதியது. மலையாளத்தில் இருந்தது. எனக்கு அன்றைக்கு அதுதான் எழுத்து. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள் நான். தமிழ் நாக்கில் இருந்தது, கண்ணில் இல்லை. தமிழில் எழுதப் பழகியதெல்லாம் பிற்பாடு.

எனக்குச் சண்டை என்றால் கொடி, முழக்கம், நெஞ்சை நிமிர்த்தல் என்றுதான் நினைப்பு. இந்த ஆளோ கால் விரலைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான். பற்பசை கல்லாகிவிடுகிறது, ஸ்டவ் புகையில் துப்பினால் கறுப்பாக வருகிறது, பயத்தில் முதலில் வறண்டுபோவது வாயல்ல, கண் என்கிறான். ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. யாரோ ஒருத்தன் நம் காதோரம் வந்து, 'யாரிடமும் சொல்லாதே, நடந்தது இதுதான்' என்று சொல்வது போல் இருந்தது. சோற்றைக் கிளறிக்கொண்டே படித்தேன். சோறு அடிப்பிடித்தது. அதற்கும் நான் கவலைப்படவில்லை.

அப்போது நான் கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை செய்தேன். இன்றைக்கும் அங்கேதான். சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து ஒன்பது பெண்கள் வரிசையாக உட்காருவோம். முன்னால் சுக்குக் குவியல், மடியில் முறம், பக்கத்தில் ஆளுக்கொரு கூடை. மண் தட்டி, தோல் மிச்சத்தைச் சுரண்டி, பெரியது, நடுத்தரம், உடைசல் என்று பிரிக்க வேண்டும். சாயங்காலம் மேஸ்திரி கூடையை நிறுத்துப் பார்ப்பார். முதல் வாரம் முழுக்கத் தும்மல் வரும். பிறகு மூக்கு மரத்துவிடும். வரிசையில் முக்கால்வாசிப் பேர் தமிழ்தான். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். எழுத்து மட்டும் எந்தப் பாஷையிலும் கிடையாது.

ஜன்னலில் ஒரு ரேடியோ இருந்தது. ஒருநாள் அது வாயை மூடிக்கொண்டது. கிடங்கு வெறிச்சோடிப்போனது போல் இருந்தது. எனக்கோ முந்தைய நாள் படித்தது தொண்டைவரை வந்து நின்றுகொண்டிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். காலுறைக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், நாளைக்குப் புத்தகத்தையே கொண்டு வா என்றார்கள்.

கொண்டு போனேன். மலையாளத்தில் கண்ணை ஓடவிட்டு, தமிழில் வாயால் சொல்வேன். புத்தகம் பிடித்த கையால் சுக்குப் பிரிக்க முடியாதே. அதற்கு அவர்களே ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு முறம் முடிக்கும்போதெல்லாம் ஒரு கை அள்ளி என் கூடையில் போடுவாள். எட்டுப் பேர், எட்டுக் கை. சாயங்காலம் என் கூடையும் மற்றக் கூடைகளோடு சமமாக நிற்கும். மேஸ்திரிக்குத் தெரியும். எடை சரியாக இருந்ததால் கண்டுகொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அவரும் வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வலப்பக்கம் ஒரு அக்கா உட்காருவாள். புருஷன் இல்லை. ஒரே பையன், பட்டாளத்தில் இருந்தான். நாலு வருஷத்துக்கு என்று எடுத்த ஆள். முடிந்ததும் திரும்பி வரலாம், இல்லை தொடர்ந்து இருக்க விருப்பம் என்று எழுதிக் கொடுக்கலாம். எங்கே இருக்கிறான் என்று அவன் சொல்லக் கூடாது. எல்லையில், பனியில், ஒயர்லெஸ் வேலையில் என்கிற மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்தால் கூப்பிடுவான். சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், குளிர் கொஞ்சம் அதிகம். இந்த மூன்றையும் சொல்லி வைத்துவிடுவான். அக்கா அன்று முழுக்க அந்த மூன்று வார்த்தையைத்தான் மென்றுகொண்டிருப்பாள். நாலு வருஷம் முடிந்த மறுநாள் வண்டி ஏறிவிடு என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

அந்த அக்கா என் புத்தகத்தைக் கேட்ட கேள்விகளை இன்னும் மறக்கவில்லை. அவர்கள் எங்கே படுப்பார்கள்? கம்பளி எத்தனை? வெளிக்குப் போவது எப்படி? நான் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பதில் தேடுவேன். கிடைத்தால் அவள் முகத்தில் வெளிச்சம் வரும். பையன் சொல்லாத அத்தனையையும் முன்பின் தெரியாத ஒருத்தன் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கோ தலைகால் புரியவில்லை. நான்தான் அந்த மலைக்குப் போய்ச் செய்தி கொண்டுவந்தவள் மாதிரி ஒரு மிதப்பு.

அந்தப் புத்தகத்தில் எழுதியவனுக்கு ஒரு கூட்டாளி. முதுகில் ஒயர்லெஸ் செட்டைக் கட்டிக்கொண்டு திரிகிறவன். வாயாடி. குண்டு விழுகிற நேரத்தில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுவதைப் பற்றிப் பேசுவான். அதிகாரிகளைப் போலவே பேசிக் காட்டுவான். எங்கள் வரிசைக்கே அவன் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். காலையில் உட்கார்ந்ததும், ஒயர்லெஸ்காரன் என்ன பண்ணுகிறான் என்றுதான் முதல் கேள்வி. அக்காவுக்குச் சொல்லவே வேண்டாம். அவள் பையனும் அதே வேலை.

ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டில் தனியாக முன்னே படித்துக்கொண்டு போனேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் செத்துப்போனான். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். ஒரு புத்தகத்துக்காக இப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மறுநாள் கிடங்கில் அந்தப் பக்கம் வந்தது. கண் எழுத்தின் மேல் இருந்தது. பக்கத்தில் அக்கா, முறத்தைத் தட்டாமல் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலில் குண்டு பட்டுட்டு. ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

எட்டுப் பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி நெற்றியில் கை வைத்து மாதாவுக்கு நன்றி சொன்னாள். அன்று என் கூடையில் ஆளுக்கு இரண்டு கை விழுந்தது.

பொய் அவ்வளவு ருசி என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் புத்தகத்தில் அதற்குப் பிறகு செத்த ஆறு பேரையும் பிழைக்க வைத்தேன். வாசகசாலையில் இருந்த இராணுவப் புத்தகம் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தேன். பாலைவனச் சண்டைக்குப் போன வெளிநாட்டுச் சிப்பாயின் டைரி, காயம்பட்டவர்களைக் கவனித்த நர்ஸ் எழுதியது, சாமான் லாரி ஓட்டியவன் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார் என்றே சேட்டன் முடிவு கட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார் என்று நான் திருத்தவில்லை. சேட்டனுக்கு ஒரே குறை, நான் திருப்பிக் கொடுக்கிற புத்தகங்களைத் திறந்தால் அடுத்து வாங்குகிறவர்கள் தும்முகிறார்கள் என்பதுதான்.

எந்தப் புத்தகத்திலும் யாரும் சாகவில்லை. என் வாயில் எல்லாருக்கும் காலிலோ தோளிலோதான் குண்டு பட்டது. சங்கடம் என்னவென்றால், புத்தகம் மாறினாலும் வரிசை ஒயர்லெஸ்காரனை விடவில்லை. ஆஸ்பத்திரியில் எப்படி இருக்கிறான், நடக்கிறானா என்று கேட்டுத் துளைத்தார்கள். சரி, லாரிக்காரன் அவனை வழியில் பார்த்ததாகச் சொன்னேன். நர்ஸ் புத்தகம் வந்ததும் எனக்கு இன்னும் வசதியாகிவிட்டது. அவனை அவளுக்கே கல்யாணம் பண்ணி வைத்தேன். கல்யாணத்துக்கு என்ன சமையல் என்று அரை நாள் விவாதம் நடந்தது. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. மேஸ்திரி சாயா வாங்கிக் கொடுத்தார். என்னைப் போல் சந்தோஷமாக அந்த மாதங்களைக் கழித்தவள் மட்டாஞ்சேரியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

இதெல்லாம் ஒரு புதன்கிழமை உடைந்தது. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே அக்கா சாதாரணமாகச் சொன்னாள். பையனுக்கு நாலு வருஷம் முடியப்போகிறது. இருக்க விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடு, இரு என்று அவளே போனில் சொல்லிவிட்டாளாம். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

நீதானே வரச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று ஒருத்தி கேட்டாள்.

அக்கா சிரித்தாள். "அது விவரம் தெரியாத காலத்துல. இப்பத்தான் அம்புட்டும் கேட்டாச்சே. அடி படும், ஆஸ்பத்திரில கிடப்பான், பெறவு எந்திரிச்சி வந்துருவான். நான் சும்மா பயந்து பயந்து அவன் வாழ்க்கையக் கெடுத்துரப் பார்த்தேன்."

நான் சோற்றுப் பாத்திரத்தை மூடினேன். அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில், ஒரே இருக்கையில், அவளோடு ஒட்டி உட்கார்ந்து வந்தேன். தோப்பும்படி தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தாண்டிவிட்டது. அவள் இறங்குமுன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இறங்கிப் போய்விட்டாள். யார் யாரோ சிப்பாய்களின் பயத்தையெல்லாம் மாதக்கணக்கில் அலசிய எனக்கு, என் சொந்தப் பயத்தோடு ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை.

வியாழக்கிழமை காலை வாசகசாலை திறக்கும்போதே போய் நின்றேன். அந்தப் பழைய, அட்டை கிழிந்த புத்தகத்தைக் கேட்டேன். முடித்ததை எதற்கு மறுபடி என்று சேட்டன் முனகினார். கிடங்கில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. பொய்யை இந்த வரிசையில் வைத்துத்தான் சொன்னேன், உண்மையையும் இங்கேதான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். இதை நான் அன்றைக்குச் சரியாக வாசிக்கவில்லை, இப்போது வாசிக்கிறேன் என்றேன்.

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். செட்டுக்கு பாட்டரி தீர்ந்துவிட்டது. புது பாட்டரி எடுக்க ஒயர்லெஸ்காரன் கீழே இறங்கினான். எடுத்துக்கொண்டு ஏறினான். பதுங்குகுழிக்கு இருபது அடி இருக்கும்போது குண்டு விழுந்தது. எழுதியவன் தவழ்ந்து போய்ப் பார்த்தான். மூச்சில்லை. கையில் பிடித்திருந்த பாட்டரியில் ஒரு கீறல்கூட இல்லை. அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து செட்டில் போட்டான். செட் பேசியது.

பக்கம் அதோடு முடிகிறது. நான் புத்தகத்தைத் தாழ்த்தினேன்.

"அப்பம் கல்யாணம்?" என்று கேட்டாள் அக்கா.

"நான் பண்ணி வச்சது."

"புள்ள?"

"அதும் நாந்தான் அக்கா. அந்த ஆறு பேரும் செத்துட்டாங்க. அடுத்த புத்தகத்துலயும் செத்தாங்க. எல்லாத்தையும் நான்தான் மறைச்சேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. என் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாக்கை இழுத்துத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களும் தலையைக் குனிந்து சுக்கைப் பொறுக்கினார்கள். அன்று என் கூடையில் ஒரு கைகூட விழவில்லை. அது நியாயம்தான்.

மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு அவள் போன் அடித்தது. கை தூசியும் பிசுக்குமாக இருந்ததால், எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுச் சாக்கின் மேல் வைத்தாள். பையன் குரல் வந்தது. சாப்பிட்டேன் என்றான். நல்லா இருக்கேன் என்றான். குளிரைப் பற்றிச் சொல்வதற்குள் அவள் குறுக்கே பாய்ந்தாள்.

"உங்கூட இருந்ததுல யாரு செத்தா?"

போனில் காற்று மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"யாரும்மா சொன்னது?" என்றான்.

"நீ சொல்லு."

"பக்கத்துக் கட்டில் பையன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "போன வருஷம். பனி சரிஞ்சிட்டு. நான்தான் தோண்டினேன். மண்வெட்டி பட்டுருமோன்னு கையால தோண்டினேம்மா. முதல்ல அவன் ஷூதான் தெரிஞ்சது. அது என் ஷூ. அன்னிக்கு அவனுக்குக் கொடுத்திருந்தேன்."

பிறகு அவன் நிறுத்தவில்லை. மலைமேல் ஒரு சொல் அவிழ்ந்தது, அத்தனையும் அதன் பின்னால் உருண்டு வந்தது. அந்தப் பையன் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவது, அவன் செத்ததை அவன் வீட்டுக்குப் போனில் சொல்லும் வேலையை அதிகாரிகள் இவனிடம் கொடுத்தது, அந்தக் கட்டிலில் இரண்டு மாதம் யாரும் படுக்காதது, இவன் கைவிரல் இரண்டு இன்னும் சரியாக மடங்காதது. அரை மணி நேரம் பேசினான். ஒன்பது பெண்களும் மேஸ்திரியும் சுக்குக் குவியலுக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ சிப்பாய்களை நான் என் நாக்கால் பேசவைத்திருக்கிறேன். நான் குறுக்கே நிற்காமல் ஒருத்தன் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு வந்தது துக்கம் மட்டும் இல்லை. கடைசியில் பேசிவிட்டானே என்கிற பரபரப்பும்தான்.

"இத்தன நாளா ஏம்ல சொல்லல?" என்றாள் அக்கா.

"நீ பயப்படுவியேன்னுதாம்மா. இப்பம் நீயே இருக்க எழுதிக் கொடுன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னே. நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?"

அவள் போனைக் கையில் எடுத்து, வாயருகே பிடித்தாள். சுக்குத்தூள் திரையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"இப்பம் எல்லாம் தெரிஞ்சி கேக்கேன். நான் சொல்லுததுக்காகச் சொல்லாத. உனக்கு இருக்கணுமா, வரணுமா?"

"வரணும்மா."

"வா."

அவ்வளவுதான் பேச்சு. அவன் எழுதிக் கொடுக்கவில்லை. மழைக்காலம் பிடித்த வாரத்தில் வந்து சேர்ந்தான். இப்போது காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கிற வளாகத்தில் வாசல் காவல். அடையாள அட்டையைக் காட்டாமல் உள்ளே போகிறவர்களோடு தினமும் சண்டை. இதற்கு மலையே தேவலை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறான். அவன் அதைச் சொல்லும்போது நான் அவன் கையைப் பார்ப்பேன். அந்த இரண்டு விரலும் மடங்குவதில்லை.

வரிசை என்னைக் கொஞ்ச நாளில் மன்னித்துவிட்டது. நான்தான் புத்தகத்தைத் தொடவில்லை. ஜன்னலில் புது ரேடியோ வந்தது. இரண்டு வாரம் கேட்டுவிட்டு அவர்களே அதை அணைத்து, போய்ப் புத்தகம் எடுத்து வா என்றார்கள். மறுபடி வாசித்தேன். மறுபடி கை விழுந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் சுற்றுக்கு ஏழுதான் விழும். அக்கா என்னோடு பேசினாள், பஸ்ஸில் இடம் பிடித்தாள், மீன் குழம்பு கொடுத்தாள். ஒரு கை சுக்கு மட்டும் போட மாட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு எந்த முகம் இருந்தது?

போன மாதம் ஒரு எல்லைக்காவல் சிப்பாயின் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சமையல்காரன். நல்ல மனிதன், எல்லாருக்கும் இரண்டாம் தடவை சாயா ஊற்றுகிறவன். பக்கத்தைத் திருப்பினேன். கண் வாயை முந்திக்கொண்டு கீழே ஓடிவிட்டது. என் குரல் நின்றது. ஒரு நொடிதான். பழைய ஹெலிகாப்டர் என் வாய்வரை வந்துவிட்டது.

வலப்பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள். "செத்துட்டானா?"

"ஆமா."

"அப்பம் செத்தான்னு வாசி. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா."

வாசித்தேன். எங்கே போனான், எப்படி விழுந்தான், கடைசியாக என்ன கேட்டான், எல்லாவற்றையும் வாசித்தேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை. முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும்போது என் கூடையில் சலசலவென்று ஒரு கை சுக்கு விழுந்தது. எண்ணிப் பார்த்தேன். எட்டு.